வீட்டுக்காரர்

வள்ளிக்கண்ணு சிங்கப்பூரில் மூன்று தடவை வீடு மாறியிருக்கிறாள். மூன்று தடவையும் மாறியது மேடத்தின் குடும்பம். வீட்டுவேலைக்காரி என்பதால் இவளும் கூடவே போனாள். பழைய வீட்டில் கடைசியாக லைட்டை அணைப்பவள் இவள்தான், புது வீட்டில் முதலில் துடைப்பத்தோடு நுழைபவளும் இவள்தான். மேடம் சீனக்காரி. புது வீட்டு வாசலில் ஒரு அன்னாசிப்பழத்தை உருட்டிவிட்டுத்தான் உள்ளே காலெடுத்து வைப்பாள். அது அவர்கள் வழக்கம். உருண்டுபோன பழத்தைத் தேடி எடுத்து, தோல் சீவி, நறுக்கி எல்லாருக்கும் தட்டில் வைப்பது வள்ளிக்கண்ணுவின் வேலை. கடைசியாகப் போன வீட்டில் இவளுக்குக் கொடுத்தது சமையலறையை ஒட்டிய ஸ்டோர் ரூம். கனமான இரும்புக் கதவு, ஜன்னல் கிடையாது. மழை பெய்கிறதா என்று தெரிந்துகொள்ளக்கூட எழுந்து வெளியே வர வேண்டும். அந்த அறையில் படுத்துக்கொண்டுதான் திருச்சியில் ஒரு ஃபிளாட் வாங்குவது என்று தீர்மானம் பண்ணினாள்.

கே.கே. நகரில், மூன்றாவது மாடி. ஒரு ஹால், இரண்டு அறை, துணி காயப்போட ஒரு பால்கனி. அறைக்கு அறை பெரிய ஜன்னல் வேண்டும் என்று கட்டுகிறவரோடு போனிலேயே சண்டை போட்டு வாங்கிய ஜன்னல்கள். அண்ணன் ரெங்கராஜுக்கு ஆரம்பத்திலிருந்தே இதில் இஷ்டமில்லை. அவருக்குக் காட்டூரில் சொந்த வீடு, கீழேயே பெயிண்ட் கடை. “ஒண்டிக்கட்டைக்கு எதுக்கு ஃபிளாட்டு? வந்தா நம்ம வீட்டுல ஒரு மூலையில இருந்துட்டுப் போயேன்” என்றார். அந்த ‘ஒரு மூலையில’தான் வள்ளிக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. மூலையில் இருந்து பழகியவள்தான், இல்லை என்று சொல்லவில்லை. அதற்காகச் சாகிறவரைக்கும் மூலையா? போன வருஷம் லீவில் வந்து, தன் பேரில் கிரயம் பண்ணிக்கொண்டு, வெறும் சிமென்ட்டாக நின்ற சுவரைத் தடவிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனாள்.

ஒண்டிக்கட்டை என்று அண்ணன் வாய்க்கு வந்ததைச் சொன்னாரே தவிர, அவளுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. வீரமலை என்று பெயர். கொஞ்ச காலம் குடும்பம் நடத்தினான். பிறகு சமயபுரத்தில் லாட்ஜ் வேலை என்று போனவன், அங்கே தேங்காய்க் கடை வைத்திருந்த ஒருத்தியோடு தங்கிவிட்டான். பெரியவர்கள் பஞ்சாயத்துப் பேசினார்கள். “அவளும் இருக்கட்டும், இவளும் இருக்கட்டும்” என்றான், என்னமோ பெரிய மனசு பண்ணி விட்டுக்கொடுக்கிறவன் மாதிரி. வள்ளிக்கண்ணு சிங்கப்பூர் விசா கையில் வந்ததும் சமயபுரம் போனாள். அவன் இருந்த தெருப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கவில்லை. நேராகக் கோயிலுக்குள் போய், கழுத்திலிருந்த தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டாள். பக்கத்தில் நின்ற பெண்கள் புருஷனுக்காக வேண்டுதல் என்று நினைத்துக்கொண்டு, “ஒண்ணும் கவலப்படாதம்மா, நல்லாருப்பாரு” என்றார்கள். இருக்கட்டும், எங்கேயாவது இருக்கட்டும் என்று விமானம் ஏறிவிட்டாள். அதற்கப்புறம் அவன் பேச்சையே அவள் எடுத்ததில்லை. பிள்ளை குட்டி என்று எதுவும் இல்லாததால் மற்றவர்களும் எடுக்கவில்லை.

வீடு முடிந்து, குடிபோக நாள் பார்த்தார்கள். மேடத்திடம் கெஞ்சிக் கூத்தாடி லீவு வாங்கினாள் வள்ளிக்கண்ணு. ஹோமம் எல்லாம் வேண்டாம், பால் மட்டும் காய்ச்சிக் குடித்துக்கொள்கிறேன் என்று அண்ணனிடம் போனில் சொன்னாள். “அதெல்லாம் நான் பாத்துக்கிறேன். நீ வந்து சேரு” என்றார் அவர். நம் வீட்டு ஆம்பளைகள் ‘நான் பாத்துக்கிறேன்’ என்று சொன்னால் அந்த நிமிஷமே உஷாராகிவிட வேண்டும். இவளுக்கு அது தோன்றவில்லை. தங்கச்சி மேல் பாசம், இழுத்துப் போட்டுச் செய்கிறார் என்றுதான் நினைத்தாள்.

வந்து காட்டூரில் இறங்கியதும் வீட்டைப் பார்த்துவிட்டு வரலாம் என்று துடித்தாள். நல்ல நாளில் பார்த்தால் போதும் என்று அண்ணன் தட்டிக்கழித்தார். அண்ணி வேணியிடம் கேட்டதற்கு, “அவரு சொன்னா கேட்டுக்க வள்ளி, எனக்கு ஒண்ணும் தெரியாது” என்று எதையோ மென்று முழுங்கினாள். வேணி அண்ணி அப்படிப்பட்டவள் இல்லை. காட்டூர் பஸ் ஸ்டாப்பில் நின்று பேசினால் பொன்மலை வரைக்கும் கேட்கும், அப்படி ஒரு வாய். அவள் வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரித்ததிலேயே வள்ளிக்கண்ணு சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

குடிபோகிற அன்று காலையில் பலகாரம் முடித்துக்கொண்டு காரில் கிளம்பினார்கள். அண்ணன் முன்னால், வள்ளிக்கண்ணுவும் வேணியும் பின்னால், மடியில் பால், பூ, பழத்தட்டு. கார் அப்பார்ட்மென்ட் வாசலில் நின்றதும் அவள்தான் முதலில் இறங்கினாள். லிஃப்டுக்குப் பக்கத்தில் ஒரு பலகை. ஒவ்வொரு ஃபிளாட்டுக்கும் நேரே குடியிருப்பவர் பெயர். 3-பி என்று எங்கே போட்டிருக்கிறது என்று ஆசையாகத் தேடினாள். 3-பி-க்கு நேரே ‘ஆ. வீரமலை’ என்று இருந்தது.

முதலில் சிரிப்புதான் வந்தது. ஊரில் வேறு வீரமலையே கிடையாதா, எவனோ, நம்பரை மாற்றி எழுதிவிட்டார்கள் என்று நினைத்தாள். அப்புறம் அந்த ‘ஆ’ கண்ணில் பட்டது. மாமனார் பெயர் ஆண்டியப்பன்.

அதற்குள் அப்பார்ட்மென்ட் சங்கத்தின் செக்ரட்டரி ஸ்ரீனிவாசராகவன், நெற்றியில் பளிச்சென்று திருமண்ணோடு கையைக் கூப்பிக்கொண்டு வந்தார். ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் பிறந்து வளர்ந்தவர். முழங்கால் வலிக்கு லிஃப்ட் இருக்கிற வீடாகப் பார்த்து இங்கே வந்தவர்.

“வாங்கோ வாங்கோ. நீங்கதானே சாரோட ஆத்துக்காரி? சிங்கப்பூர்லேர்ந்து இப்பத்தான் வந்தேளாமே. சார் நேத்தே வந்துட்டார். மேல மணையில உக்காந்தாச்சு.”

“எந்த சாருங்க?”

“வீரமலை சார். வீட்டுக்காரர்.”

வள்ளிக்கண்ணு திரும்பி அண்ணனைப் பார்த்தாள். அவர் கார் டிரைவரிடம் வண்டியை எங்கே நிறுத்துவது என்று மும்முரமாக விளக்கிக்கொண்டிருந்தார். வேணி பழத்தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அவருதான் வீட்டுக்காரர்னு உங்களுக்கு யாருங்க சொன்னது?” என்று கேட்டாள்.

“அவரேதான். போன வாரம் உங்க அண்ணாவும் அவரும் வந்தா. போர்டுல பேர் போடணும், சாவி குடுக்கணும், இதுல யாரு வீட்டுக்காரர்னு கேட்டேன். நான்தான் வீட்டுக்காரர்னு அவர் சொன்னார். உங்க அண்ணாவும் ஆமான்னார். ரெண்டு செட் சாவியையும் அவர் கையில குடுத்துட்டேன்.”

“ஐயா, எங்க பக்கத்துல வீட்டுக்காரர்னா புருஷன்ங்க.”

ஸ்ரீனிவாசராகவன் முகத்தில் ஈயாடவில்லை. “எங்காத்துல புருஷனை ஆத்துக்காரர்னுதான் சொல்லுவோம். வீட்டுக்காரர்னா, வீட்டை வாங்கினவர்னு இல்லையோ நான் நினைச்சேன்” என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்போ வாங்கினது?” என்று இழுத்தார்.

“நான்தாங்க வாங்குனேன்.”

பாவம், அந்த மனுஷர் தலையில் அடித்துக்கொண்டார். பெரிய தப்பு நடந்துடுத்து, பெரிய தப்பு நடந்துடுத்து என்று சொல்லிக்கொண்டே பலகையிலிருந்து அந்தப் பெயரை நகத்தால் நெம்பி எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். உங்க பேர் எப்படிப் போடட்டும், திருமதி வீரமலைன்னா என்று கேட்டார். “வள்ளிக்கண்ணுன்னு போடுங்க ஐயா. முன்னால பின்னால ஒண்ணும் வேணாம்” என்றாள். அவர் மேலே ஒரு வார்த்தை கேட்கவில்லை. புத்தியுள்ளவர்.

சொல்லப்போனால் வீரமலை சொன்னதில் பொய்யே இல்லை. அதுதான் வயிற்றெரிச்சல். கோர்ட்டுக்குப் போய்ப் பிரிந்தார்களா, இல்லை. தாலி உண்டியலுக்குப் போனாலும் ஊர்ப் பேச்சுக்கு அவன் இன்னும் புருஷன்தான். செக்ரட்டரி ஒன்றைக் கேட்டார், இவன் வேறொன்றுக்குப் பதில் சொன்னான். ஒரே வார்த்தைக்குள் வீடு கைமாறிவிட்டது. அவன் தெரியாமல் சொன்னான் என்று நம்புகிறவர்கள் நம்பிக்கொள்ளட்டும்.

“பக்கத்துலதானே நின்னீங்கண்ணே” என்றாள் வள்ளிக்கண்ணு.

ரெங்கராஜ் இனி மறைக்க முடியாது என்று தெரிந்ததும் குரலை உயர்த்தினார். “ஆமா, நின்னேன். உன்னைய சேத்து வைக்கத்தான் இத்தனையும். அந்தப் பொம்பள அவர வெளிய தள்ளிட்டா. மாப்பிள்ள வந்து என் கையப் புடிச்சிக்கிட்டு அழுவுறாரு. மணையில ஜோடியா உக்காந்து எந்திரிச்சிட்டா ஊரு வாய் மூடிடும். நீ பாட்டுக்கு சிங்கப்பூரு போயிடுவ, வீடு பூட்டிக் கெடக்கணுமா? அவரு இருந்து பாத்துப்பாரு. எனக்கும் வயசாவுது. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா உனக்கு யாரு இருக்கா?”

கடைசியாகக் கேட்டதில் அவர் குரல் உடைந்தது. அது நிஜமான கவலைதான், அவளுக்கும் தெரியும். அதனாலேயே கோபம் இன்னும் ஏறியது. பாசம் இருக்கிறவர் ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே. கேட்டால் அவள் மாட்டேன் என்பாள், அதனால் கேட்கவில்லை. அவ்வளவுதான் விஷயம்.

“மேல போவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டு லிஃப்டில் ஏறினாள்.

வாசலில் மாவிலைத் தோரணம். ஹாலில் செங்கல் அடுக்கி, ஐயர் ஹோமகுண்டத்துக்கு முன்னால் சாமான்களைப் பரப்பிக்கொண்டிருந்தார். சொந்தக்காரர்கள் நாலைந்து பேர் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில், மணைமேல், பட்டு வேட்டியும் துண்டுமாக வீரமலை. முடி நரைத்து, கன்னம் ஒட்டிப் போயிருந்தது. அவளைப் பார்த்ததும் எழுந்திருக்காமல், பக்கத்து மணையைத் தட்டிக் காட்டி, “வா வள்ளி. வா, வந்து உக்காரு” என்றான்.

பலகையில் பெயரைப் பார்த்தபோதுகூட இவ்வளவு எரியவில்லை. அவள் வீட்டுக்கு அவளையே ‘வா’ என்று கூப்பிடுகிறான். படியேறி வருகிற விருந்தாளியைக் கூப்பிடுகிற மாதிரி, மணையைவிட்டு அசையாமல்.

“வாங்கன்னு கூப்புட வேண்டியவ நான்” என்றாள். “வாங்க. எப்ப வந்தீங்க?”

வீரமலை சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. என்ன நடக்கிறது என்று தெரியாத ஐயர், நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே சங்கல்பத்துக்கு ஆரம்பித்தார். “எஜமான் பேரு, நட்சத்திரம் சொல்லுங்கோ.”

வீரமலை வாயைத் திறந்தான். அவன் தொடங்குவதற்குள் வள்ளிக்கண்ணு சொன்னாள். “வள்ளிக்கண்ணு. பரணி.”

“அது சரிம்மா, உங்க பேரு அப்புறம் வரும். முதல்ல எஜமான் பேரு.”

“நான்தான் சாமி எஜமான். நான் ஒருத்திதான்.”

ஐயர் அவளையும் மணையில் இருந்தவனையும் மாறிமாறிப் பார்த்தார். “தம்பதியா உக்காராம இந்த ஹோமம் பண்றது வழக்கமில்லையேம்மா” என்றார்.

“அப்ப வேணாங்க. வழக்கத்த நீங்க எனக்காக மாத்த வேண்டியதில்ல. வந்ததுக்கு தட்சிணைய வாங்கிக்கிட்டு, பழத்தட்டையும் எடுத்துட்டுப் போங்க.”

சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். வேணியின் தம்பி பெண்டாட்டி ‘சிவ சிவா’ என்றாள். ஐயர் மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. அக்னி இன்னும் மூட்டவில்லை, அதனால் நிறுத்துவதில் தோஷமில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு நெய்க் கிண்ணத்தை மூடினார். காட்டூரில் ஒரு வளைகாப்பு இருப்பதாகவும், சீக்கிரம் போனால் அங்கே சாப்பாடு கிடைக்கும் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

வள்ளிக்கண்ணு வீரமலை முன்னால் போய்க் கையை நீட்டினாள். “சாவி.”

“புருஷன் பொண்டாட்டிக்குள்ள சாவி என்ன வள்ளி, உன்கிட்ட இருந்தா என்ன, என்கிட்ட இருந்தா என்ன?”

“என்கிட்ட இருக்கட்டும்.”

அவன் மடியிலிருந்து இரண்டு சாவிக்கொத்தையும் எடுத்தான், கொடுக்கவில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். “நான் எங்க போவேன், சொல்லு. லாட்ஜிலயும் வேலைய விட்டு எடுத்துட்டாங்க. ராத்திரி எங்க படுக்குறதுன்னு தெரியல” என்றான். பொய் அழுகை இல்லை அது. வள்ளிக்கண்ணுவுக்குப் பாவமாக இருந்தது. இத்தனை வருஷத்து எரிச்சலுக்கு நடுவில் இந்தப் பாவம் வேறு வந்து தொலைகிறதே என்று தன் மேலேயே ஆத்திரம் வந்தது. ஒரு சொல் இளகினால் போதும், மணையில் உட்கார்ந்த மனுஷன் அப்படியே இந்த வீட்டில் உட்கார்ந்துவிடுவான். அவள் அங்கே ஸ்டோர் ரூமில் படுத்திருக்க, இவன் இங்கே அவள் சண்டை போட்டு வாங்கிய ஜன்னலடியில் காற்று வாங்குவான்.

“எங்க போறதுன்னு தெரியாமத்தான் நானும் சிங்கப்பூரு போனேன்” என்றாள். “அன்னிக்கு எனக்கு யாரும் சாவி குடுக்கல. நீங்க போற எடத்த நீங்கதான் பாத்துக்கணும். குடுங்க.”

கொடுத்துவிட்டான்.

அப்புறம் அவள் புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். புது அடுப்பு, புதுப் பாத்திரம். பாலை ஊற்றி அடுப்பைப் பற்றவைத்தாள். வேணி எப்போது பக்கத்தில் வந்து நின்றாள் என்று தெரியவில்லை. பால் விளிம்புக்கு ஏறியதும் வள்ளிக்கண்ணு பழக்கதோஷத்தில் அடுப்பைக் குறைக்கப் போனாள். மேடம் வீட்டில் பால் பொங்கி வழிந்தால் திட்டு விழும். வேணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். “விடு. பொங்கட்டும்” என்றாள். பொங்கிப் புது அடுப்பெல்லாம் வழிந்தது.

டம்ளர்களில் ஊற்றி எல்லாருக்கும் கொண்டுபோய்க் கொடுத்தாள். வீரமலை பட்டுத் துண்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றிருந்தான். அவனுக்கும் ஒரு டம்ளர் நீட்டினாள். “வீட்டுக்கு வந்தவங்கள வெறும் வாயோட அனுப்பக் கூடாது. குடிச்சிட்டுப் போங்க.” அவன் நின்றபடியே குடித்தான். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை. லிஃப்ட் இருந்தும் படியில் இறங்கிப் போனான்.

ரெங்கராஜ் டம்ளரைத் தொடவில்லை. “ஊரு முன்னால என் மூஞ்சில கரியப் பூசிட்ட. இனிமே நான் இந்த வாசப்படி மிதிக்க மாட்டேன். உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல” என்றார்.

நெஞ்சில் யாரோ மிதித்த மாதிரி இருந்தது. விமான நிலையத்துக்கு ஒவ்வொரு தடவையும் வந்து கூட்டிப்போனது இந்த அண்ணன்தான். போகும்போது பையில் ஊறுகாய் வைத்துக் கட்டிக்கொடுத்ததும் இவர்தான். உறவு என்று சொல்லிக்கொள்ள வேறு யாரும் அவளுக்கு இல்லை. ஆனாலும் மன்னிச்சிருங்கண்ணே என்ற சொல் நாக்குக்கு வரவில்லை. வரவழைக்கவும் அவள் முயற்சி பண்ணவில்லை.

“உங்க தங்கச்சியா நான் எப்பவும் இருப்பேண்ணே. நீங்க வந்தாலும் சரி, வராட்டியும் சரி” என்றாள். “ஆனா யாரு வந்தாலும் பெல் அடிச்சிட்டுத்தான் வரணும்.”

அவர் விருட்டென்று கிளம்பினார். “வேணி, வா” என்று சொல்லிவிட்டு லிஃப்டுக்குப் போனார். சொந்தக்காரர்களும் தட்டுத்தடுமாறி எழுந்து பின்னாலேயே போய்விட்டார்கள். ஹாலில் செங்கல்லும் இரண்டு மணைகளும் மட்டும் கிடந்தன.

வேணி போகவில்லை. பால்கனிக் கதவோரம் காலை நீட்டி உட்கார்ந்து, புருஷன் தொடாமல் வைத்த பாலை எடுத்து ஊதி ஊதிக் குடித்தாள். கீழே கார் ஹாரன் அடித்தது. கொஞ்சம் விட்டு இன்னொரு தடவை, நீளமாக அடித்தது.

“போங்க அண்ணி. அண்ணன் ஏற்கெனவே கோவமா இருக்காரு” என்றாள் வள்ளிக்கண்ணு.

“புது வீட்டுல மொத நாளு ஒருத்தியா படுக்கக் கூடாது. நான் இருக்கேன்.”

“எனக்காக நீங்க சண்ட வாங்கிக்க வேணாம்.”

“உனக்காகன்னு யாரு சொன்னா?” வேணி டம்ளரைத் தரையில் வைத்தாள். எப்போதும் போல் கத்திப் பேசவில்லை. “எல்லாம் தெரிஞ்சும் நான் வாயத் தொறக்கல வள்ளி. சொன்னா அவரு குதிப்பாரேன்னு பயம். பொறந்ததுலேருந்து எங்கப்பா வீடு. அப்புறம் உங்கண்ணன் வீடு. புள்ளப்பேறுக்குப் போனாக்கூட எப்ப வர்றன்னு போன் வரும். ஆம்பள யாரும் கேள்வி கேக்காத வீட்டுல ஒரு நாளு, ஒரே ஒரு நாளு, படுத்து எந்திரிக்கணும். இடம் குடுப்பியா மாட்டியா?”

வள்ளிக்கண்ணு பதில் சொல்வதற்குள் வேணியின் போன் அடித்தது. ரெங்கராஜ்தான். வேணி அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, மடியில் வைத்துக்கொண்டாள். மேல என்ன பண்றே, வர்றியா இல்லையா என்று அவர் கத்துவது ஹால் முழுக்கக் கேட்டது. அவர் மூச்சு வாங்குகிற வரைக்கும் வேணி பொறுத்திருந்தாள்.

“நான் இன்னிக்கி வரலைங்க” என்றாள். “மாவு ஃபிரிட்ஜுல இருக்கு. தோச ஊத்திச் சாப்புட்டுப் படுங்க.”